டிக்கட்டில் இல்லாத குழாய்

ஜெயந்தினி மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்து தாதியானவள். இலங்கையின் ஊவா மாகாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை. கை வேகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஒருநாள் எலும்பு முறிவு வார்ட்டுக்குப் போனபோது ஒரு பெண் அவளை மறித்தாள். பெயர் லெட்சுமி. கொழுந்து பறிக்கும் மலையில் சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்த சிவஞானத்தின் மனைவி.

"மிஸ், இவர கொண்டுவந்த அன்னைக்கு நீங்கதான இருந்தீங்க? இவருக்கு இந்த மூத்திர டியூப்ப எப்பதான் கழட்டுவாங்க? ரெண்டு நாளா காய்ச்சல் வேற. கேட்டா ஆளுக்கொன்னு சொல்றாங்க."

ஜெயந்தினி கட்டில் தலைமாட்டில் இருந்த டிக்கட்டை, சிகிச்சையெல்லாம் எழுதும் ஏட்டை, எடுத்துப் புரட்டினாள். சேலைன், ஊசி, எக்ஸ்ரே எல்லாம் எழுதியிருந்தது. டியூப் போட்டதாக ஒரு வரிகூட இல்லை. என்றைக்குப் போட்டது, எதற்குப் போட்டது, யார் போட்டது, எதுவும் இல்லை. அவசரப் பிரிவில் போட்டிருந்தால் காரணம் இருக்கும் என்று வார்ட்டுக்காரர்கள் விட்டுவிட்டார்கள். பதினோரு நாள் ஆகியிருந்தது.

போட்டது அவள்தான். அன்று பசறை ரோட்டில் வேன் புரண்டு ஏழு பேரை ஒன்றாகக் கொண்டுவந்திருந்தார்கள். அப்புறம் எழுதலாம் என்று நினைத்தாள். அந்த அப்புறம் வரவேயில்லை.

"நாந்தான் போட்டேன் அக்கா. எழுதாம விட்டுட்டேன்."

லெட்சுமி அவளையே பார்த்தாள். "எழுதலன்னா தெரியாதா மிஸ்? கண்ணு முன்னாலதான தொங்குது."

ஜெயந்தினி வார்ட் டொக்டரைத் தேடிப் போனாள். டியூப்பை அன்றே கழட்டினார்கள். மூத்திரத்தில் கிருமி. மேலும் ஒரு வாரம் மருந்து ஏற்றித்தான் சிவஞானத்தின் காய்ச்சல் தணிந்தது.

அதன் பிறகு அவள் பழைய டிக்கட்டுகளில் டியூப் போட்ட நாற்பது பேருடையதை எடுத்துப் பார்த்தாள். திகதி இருந்தது ஒன்பதில். காரணம் மூன்றில். டவுனில் ஜஸீல் என்பவரின் கடையில் ஒரு ரப்பர் முத்திரை செய்வித்தாள். டிக்கட்டில் குத்தினால் நிரப்புவதற்கு ஐந்து கோடு விழும்: திகதி, காரணம், டியூப்பின் அளவு, வடிந்த மூத்திரம், கழட்ட வேண்டிய நாள்.

"டியூப் போடவே நேரமில்ல, இத யாரு நெரப்புறது?" என்றார் அவசரப் பிரிவு டொக்டர் முன்ஸிப்.

"காரணம் எழுத வரலன்னா டியூப்பே வேணாமோ என்னமோ டொக்டர்."

அவர் சிரித்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி நாற்பது எடுத்தாள். திகதி இருபத்தாறில் இருந்தது. காரணம் பதினொன்றில். ஒன்றில் காரணம் என்ற இடத்தில் 'தேவை' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கழட்டும் நாள் எதிலுமே எழுதியிருக்கவில்லை. சிலவற்றில் முத்திரை அழகாக விழுந்திருந்தது, ஐந்து கோடும் காலி. அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அதனால் நோயாளியோடு வருகிறவர்களிடமே சொல்ல ஆரம்பித்தாள். "இன்னைக்கு டியூப் போட்டிருக்கு. நாளைக்கு காலையில வார்ட்டுல கேளுங்க, இன்னும் வேணுமான்னு. தெனமும் கேளுங்க." அவர்கள் கேட்டார்கள். சிலருக்குச் சீக்கிரம் கழட்டினார்கள். ஆனால் வார்ட்டிலிருந்து புகார் போனது. மேட்ரன் கூப்பிட்டு, "சொந்தக்காரங்கள ஏன் தூண்டி விடுறீங்க?" என்று கேட்டார். ஜெயந்தினி பழைய டிக்கட்டுகளின் கணக்கை நீட்டினாள். மேட்ரன் வாங்கி மேசையில் வைத்தார். பார்க்கிறேன் என்றார்.

அடுத்த மாதம் அவசரப் பிரிவுக்குப் புது டொக்டர்கள் வந்தார்கள். முத்திரையின் ஐந்து கோடும் எதற்கென்று அவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.