பாட்டைக் கெடுத்த குடிகாரன்

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் ஆவடியில் குடியிருந்தோம். எனக்கு மும்முரமாக வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஒருவருடைய போட்டோவைத் தரகர் கொண்டுவந்து காட்டினார். அப்பாவுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஆளை நேரில் பார்க்காமல் பேச்சைத் தொடங்க மனம் வரவில்லை. அதற்கும் தரகரே வழி சொன்னார்.

"மேனாம்பேட்டுல மாதா கோயில் திருவிழா. பையன் பாட்டு நாடகத்துல நடிக்கிறாரு. கூட்டத்தோட கூட்டமா உக்காந்து பாத்துட்டு வாங்க, யாருக்கும் தெரியாது."

ஞாயிறு சாயங்காலம் போனோம். கோயிலை ஒட்டிய மைதானத்தில் கீற்றுப் பந்தல். மூன்று பக்கமும் சுவர், ரோட்டுப் பக்கம் குறுகலாக ஒரே ஒரு கேட். அப்பா ஆண்கள் பக்கம் பின்வரிசைக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் பெண்கள் பக்கத்தில், மேடையின் இடது ஓரத்தை ஒட்டி மணலில் உட்கார்ந்தோம்.

நல்ல குடும்பத்துப் பிள்ளை ஒருவன் கெட்டுப்போய்த் திருந்துவதுதான் கதை. வசனத்தைவிடப் பாட்டு அதிகம். போட்டோவில் பார்த்தவர் கதாநாயகன் இல்லை. அவனைக் கெடுக்கிற குடிகார நண்பனாக, கைலி தரையில் இழுபடத் தள்ளாடிக்கொண்டு வந்தார். அம்மாவின் முகம் அப்போதே விழுந்துவிட்டது.

அம்மா பக்கத்திலிருந்த பெண்ணிடம் மெல்ல விசாரித்தார். "குடிகார வேஷம் போட்டிருக்கிறது யாரும்மா?"

"அதுவா? எஸ்டேட்ல வேல செய்யுது. வேஷம் இன்னா வேஷம், நெசமாவே ஊத்திகினு வந்தா மாதிரிதான் கீது" என்று அந்தப் பெண் சிரிக்க, சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் விளையாட்டாகச் சொன்னார்களோ என்னவோ, அம்மா அதற்கப்புறம் மேடையைப் பார்க்கவே இல்லை. முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் மேடையில் இருந்தவருக்காக வெட்கப்படுகிற உரிமைகூட எனக்கு இன்னும் வரவில்லை.

அவர் தனியாகப் பாடும் காட்சி வந்தது. மேடை ஓரத்துக் கம்பத்தில் ஒரு பெரிய விளக்கு. சிவப்பு வெளிச்சத்துக்காக அதன்மேல் கலர் பேப்பர் கட்டியிருந்தார்கள். மேடையை ஒட்டி ஓரத்தில் இருந்த எனக்குத்தான் அதிலிருந்து புகை வந்தது தெரிந்தது; மற்றவர்கள் கண்ணெல்லாம் பாடுகிறவர்மேல் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேப்பர் சுருண்டு பற்றி, பக்கத் திரையின் விளிம்பில் விழுந்தது. துணியில் நெருப்பு ஏற ஆரம்பித்தது. அதற்குக் கொஞ்சம் மேலே காய்ந்த கீற்று.

எழுந்து கத்த வாயைத் திறந்துவிட்டேன். அந்த நொடியில் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நெருப்பைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பாட்டை நிறுத்தாமல், குடிகாரன் செய்வதுபோலவே தலையை ஆட்டிக்கொண்டு, உதட்டின்மேல் விரலை வைத்தார். கூட்டம் சிரித்தது. அந்தக் கண்களில் மட்டும் சிரிப்பு இல்லை.

எனக்குப் பின்னால் எத்தனை பெண்கள், மடியில் எத்தனை குழந்தைகள்! அந்தக் கேட் எனக்கு நினைவுக்கு வந்தது. கையால் என் வாயையே பொத்திக்கொண்டேன்.

அவர் பாடிய வரியையே திரும்பப் பாடினார். ஆர்மோனியக்காரர் குழம்பிப்போய் அதையே வாசித்தார். மூன்றாவது தடவையும் அதே வரி. தள்ளாடியபடியே கம்பத்தில் சாய்ந்து வயரைப் பிடுங்கினார். அந்தப் பக்கம் இருட்டியது. திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துச் சுருட்டி, அதன்மேலேயே விழுந்து புரண்டார். புரளும்போதும் குரல் வந்துகொண்டிருந்தது, ராகம்தான் இல்லை.

"டேய், போதும் எறங்குடா! மத்தவன வுடுடா!" என்று ஆண்கள் பக்கமிருந்து கத்தினார்கள். விசில் பறந்தது. யாரோ மண்ணை அள்ளி வீசினார்கள். அவர் அந்தத் துணிச்சுருளை அணைத்துக்கொண்டு தவழ்ந்தே உள்ளே போனார். நாடகம் தொடர்ந்தது.

முடிந்து கேட்டைத் தாண்டும்வரை காதில் விழுந்ததெல்லாம் அவரைப் பற்றித்தான். திரையைக் கிழித்துவிட்டானாம், பாட்டைக் கெடுத்துவிட்டானாம், திருவிழா என்றுகூடப் பார்க்காமல் குடித்துவிட்டு வந்தானாம். பின்வரிசையில் அத்தனையும் கேட்டுவிட்டு வந்த அப்பாவின் முகம் இறுகியிருந்தது. பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றதும் ஒரே பேச்சாகச் சொன்னார்:

"இந்தச் சம்பந்தம் வேணாம். தரகர்கிட்ட நான் சொல்லிடுறேன்."

எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சில் பெண் வாய் திறப்பது வழக்கமில்லை. ஆனாலும் "அப்பா, அவர் குடிக்கல. திரை பத்திக்கிச்சு. அதைத்தான் அணைச்சாரு" என்றேன்.

"நானும் பக்கத்துலதான இருந்தேன்? எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றார் அம்மா.

"நீ தலையைக் குனிஞ்சிருந்தம்மா. நான் பாத்தேன்."

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

மேடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். தீக்காயத்துக்கு மருந்தாக உள்ளங்கை முழுக்க நீல இங்க் ஊற்றியிருந்தார்கள். அப்பா கையைப் பார்க்கிற சாக்கில் முகத்துக்கு நெருங்கிக் குனிந்தார். வாயை மோந்து பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சாராய வாசனை இல்லை, கருகின துணி வாசனைதான் என்று அப்பா பின்னால் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர், "அண்ணாத்தே, இன்னிக்கு ரொம்ப ஓவரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அடுத்த வாட்டி கொறச்சிக்கிறேன் மச்சான்" என்றார் இவர்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானே, தம்பி?"

"சொன்னா அடுத்த வருசம் பொம்பளைங்க புள்ளைங்கள கூட்டிகினு வராது சார். பாட்டு கெட்டுப்போச்சுன்னு திட்டுனா திட்டிட்டுப் போறாங்க." பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டார். நாங்கள் யார் என்று தெரியாமலேயே சொன்னார்: "இவங்க பாத்துட்டாங்க சார். எங்க கத்திடுவாங்களோன்னுதான் எனக்குப் பயம்."

மறுநாள் அப்பா தரகரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். எங்கள் கல்யாணம் அதே கோயிலில் நடந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களில்கூடச் சிலர், அந்தப் பாட்டைக் கெடுத்த கதையைச் சொல்லித்தான் மாப்பிள்ளையைக் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அன்றைக்கு ஆவடி பஸ் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நான் வாயைத் திறக்காமலே ஏறிப் போயிருப்பேன், ஊர் சொன்னதையே நானும் நம்பப் பழகியிருப்பேன்.