நகம் குணமானவர்

வக்கீல் அலுவலகத்தில் தண்ணீர் கொடுத்தால் நாக்கு சார் உடனே குடிப்பதில்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வக்கீலம்மா முதலில் ஒரு வாய் குடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். அந்த அம்மாளுக்குத் தாகம் இல்லாத நாளில் இவர் தாகத்தோடு வீடு திரும்புகிறார். "எதிர்க்கட்சிக்காரன் எங்கெங்க ஆள் வெச்சிருக்கானோ, யாரு கண்டா?" என்பார். இத்தனைக்கும் எதிர்க்கட்சி என்று ஒருவர் இன்னும் ஏற்படவே இல்லை. யார்மேல் வழக்குப் போடலாம் என்று பேசத்தான் வந்திருக்கிறார்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுத, மற்றது இரவல் கொடுக்க. இரவல் பேனாவில் மை கிடையாது. கதவைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். படியிறங்கி மறுபடி ஏறி வந்து, முதல் தடவை இழுத்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று இன்னொரு தடவை இழுப்பார். அவர் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருக்கும் எனக்கு இந்தச் சத்தம் கேட்டால்தான் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பது வேலை. நீள மேஜையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். பால், சர்க்கரை எதுவும் இல்லாத வெறும் சாறு. கரண்டியால் மொண்டு 'சுர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, தொட்டியில் துப்பிவிட்டு, "இது மழையில பறிச்சது", "இத மூட்டையில அடைச்சு சோம்பேறியாக்கிட்டாங்க" என்று தீர்ப்பு சொல்வார். அவர் தலையாட்டினால் சரக்கு விலை ஏறும், உதட்டைப் பிதுக்கினால் இறங்கும். அதனால்தான் அலுவலகத்தில் அவர் நாக்கு சார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருக்கிறது.

யாரையும் நம்பாத இந்த மனிதர் ஒரே ஒரு மாத்திரையை நம்பினார். கால் கட்டைவிரல் நகத்தில் பூஞ்சை பிடித்து மஞ்சளாகிவிட்டது. மூன்று டாக்டர்களைப் பார்த்தார். மூவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே மாத்திரையை எழுதினார்கள். மூன்று பேர் கூட்டுச் சேர வழியில்லை என்று தீர விசாரித்துக்கொண்ட பிறகே விழுங்கத் தொடங்கினார். மொத்தமாக வாங்கினால் கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிடுவார் என்று, வாரா வாரம் அட்டையில் கொஞ்சம் கத்தரித்து வாங்கினார். ஆகவே பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த எச்சரிக்கைத் தாள் கடையிலேயே தங்கிவிட்டது.

நகம் ரோஜா இதழ்போல் வளர்ந்தது. நாக்கு செத்தது.

முதலில் அவர் சந்தேகப்பட்டது மனைவியை. உப்புப் போடாமல் சிக்கனம் பிடிக்கிறாள் என்று. பிறகு உப்பையே சந்தேகப்பட்டார். அப்புறம் குழாய்த் தண்ணீரை. கோளாறு தன்னிடம்தான் என்று புரிந்த அன்றைக்கு, அதை மறைக்க, சாப்பாட்டைப் பாராட்டத் தொடங்கினார். இப்போது சந்தேகப்படுவது மனைவியின் முறை ஆயிற்று. "கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு தடவ நல்லா இருக்குன்னு சொன்ன மனுஷன் இல்ல. தினம் தினம் சொன்னா? வேற எங்கயோ எதுவோ நடக்குதுன்னு நெனச்சேன்" என்றார் அந்த அம்மாள். ரசத்தில் கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்திருக்கிறார். "பிரமாதம்" என்றிருக்கிறார் கணவர். பெட்டியோடு மாத்திரை வாங்கி வந்து, தாளை விரித்துப் படித்து, மாத்திரைதான் காரணம் என்று கண்டுபிடித்ததும் அந்த அம்மாள்தான்.

அலுவலகத்தில் மட்டும் இன்னும் ஒருவருக்கும் தெரியாது. முன்பு முதல் ஆளாகத் தீர்ப்பு சொன்னவர், இப்போது உடன் ருசி பார்க்கும் இருவரும் சொல்லி முடிக்கும்வரை தாடையைத் தடவிக்கொண்டு நிற்கிறார். மீதியை மூக்கும் சாற்றின் நிறமும் பார்த்துக்கொள்கின்றன.

"டாக்டர் மேல போடலாம்" என்று ஆரம்பித்தார் வக்கீலம்மா. மாடி வீடு என்று சொல்லி, துணைக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். "ருசி பாக்கறதுதான் உங்க பொழப்புன்னு தெரிஞ்சும் இந்த ஆபத்தச் சொல்லாம மாத்திர குடுத்திருந்தா, அது கவனக்குறைவு. என்ன வேல செய்யறீங்கன்னு கேட்டாரா?"

"கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

நாக்கு சார் மின்விசிறியைப் பார்த்தார்.

"வாயத் தெறந்து சொல்லுங்களேன்" என்றார் மனைவி.

"கிளார்க்குன்னு சொன்னேன். உள்ளத சொன்னா ஃபீஸ ஏத்திடுவாங்கம்மா."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "மூணு டாக்டர்கிட்டயுமா?"

"ஒருத்தர்கிட்ட ஒண்ணு, இன்னொருத்தர்கிட்ட ஒண்ணு சொன்னா மாட்டிக்க மாட்டோமா?"

"சார், எதிர்க்கட்சிக்கு இனிமே வக்கீலே வேண்டாம். நீங்களே போதும்."

"அவர் துருவிக் கேட்டிருக்கணும்ல?"

"கால் நகத்தக் காட்டப் போனவர துருவிக் கேக்க அவர் என்ன போலீஸா?" என்றார் மனைவி.

மிச்சம் இருந்தது மருந்துக் கம்பெனி. "ருசி மாறலாம்னு தாள்ல ஒரு வரி இருக்கு. சில பேருக்குத் திரும்பி வராமலே போயிடும்னு இல்ல. அது முன்னாடியே தெரிஞ்சும் மறைச்சாங்கன்னு காட்ட முடிஞ்சா கேஸ் நிக்கும்."

"மறைச்சிருப்பாங்க!" நாக்கு சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெகுநாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்த்த பூரிப்பு முகத்தில்.

"இருங்க. நஷ்டஈடு கேக்கணும்னா நஷ்டம் இருக்கணும். நீங்க அதே நாற்காலியில, அதே வேலைய பாத்துட்டு இருக்கீங்க. நாக்கு செத்தவர் எப்படி தரம் பிரிச்சாருன்னுதான் மொதல் கேள்வியே வரும். என்ன சொல்வீங்க?"

"கோர்ட்டுக்கு மட்டும் ரகசியமா சொல்லிட முடியாதா?"

"கோர்ட்டு என்ன உங்க மாடி வீடா, காதோட சொல்லிட்டு வர?" என்றார் வக்கீலம்மா. எனக்கு ஏனோ இருமல் வந்தது. "கேஸ் போடற கெடு இந்த மாசத்தோட முடியுது. ஒண்ணு, ஆபீஸ்ல உண்மையச் சொல்லணும். வேல போகலாம். கேஸ் ஜெயிக்கும்னும் என்னால உறுதி குடுக்க முடியாது. இல்ல, கேஸ மறந்துட்டு, மாட்டிக்கிற வரைக்கும் இப்படியே ஓட்டணும். இனிமே நீங்க பாஸ் பண்ற ஒவ்வொரு மூட்டையும் உங்களுக்கு எதிரான சாட்சி."

மனைவி முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது நாக்கு சாரின் போன் அடித்தது. அலுவலக மேனேஜர். அவருடையது வெண்கலக் குரல். காதில் ஒட்டியிருந்த போனைத் தாண்டி எங்கள்வரை வந்தது. "சார், நாளைக்கு வெளியூர் பார்ட்டி வர்றாங்க, பெரிய ஆர்டர். மத்தவங்க சொல்றதெல்லாம் வேண்டாமாம். உங்க நாக்கு ஒரு வார்த்த சொன்னா கண்ண மூடிட்டு வாங்குவாங்களாம்."

எந்த அழைப்பு வந்தாலும் எழுந்து வெளியே போய், சுவரைப் பார்த்து நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிறவர் அவர். இப்போதும் பாதி எழுந்துவிட்டார். மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு நிமிஷம் சார். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் போனில். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கி, போனை மேஜையின் நடுவில் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.