மைதாக் கறி

"என்ன ஆசைப்படுறாரோ குடுங்க" என்று டாக்டர் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து திண்டிவனத்துக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே கேட்டுவிட்டார்.

"மாட்டுக்கறி ஆக்கிக் குடேன்மா. உங்கம்மா ஆக்குவாளே, அந்த மாதிரி."

கறி கிடைக்காத ஊரல்ல திண்டிவனம். நான் குடியிருந்த மாடிவீடுதான் சிக்கல். அதற்கு முன்பு நான்கு வீடு பார்த்திருந்தேன். எந்த ஊர் என்று கேட்டார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஐந்தாவது வீட்டில் அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே "நாங்க சைவங்க" என்று பொய் சொல்லிச் சாவியை வாங்கினேன். குப்பையைக்கூடக் கீழே வீட்டுக்கார அம்மாவின் கண்ணெதிரில்தான் பிரித்துக் கொட்ட வேண்டும். ஓர் எலும்புத் துண்டு போதும், சாகக் கிடக்கிற அப்பாவோடு நான் தெருவில் நிற்க. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

அதனால் கறி இல்லாமல் கறி செய்யக் கிளம்பினேன்.

முதலில் மீல் மேக்கர். ஒரு வாய் மென்றுவிட்டுத் துப்பினார். "பஞ்ச ஊற வெச்சிக் குடுக்கறியா?" அடுத்து பண்ருட்டிப் பலாப்பிஞ்சு. நார் நாராகப் பிரிந்து, பார்வைக்கு அசல் கறிதான். வாயில் வைத்ததும் காட்டிக்கொடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் கறியைக் கூறு போட்டவர் அவர். தொடையா, கழுத்தா என்று மென்றே சொல்லிவிடுவார். அவரை ஏமாற்றக் கிளம்பிய என் துணிச்சலை என்னவென்று சொல்ல.

மூன்றாவது, ஃபோனில் பார்த்தது. மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து ஊறவைத்து, தண்ணீருக்குள் கசக்கிக்கொண்டே இருந்தால் மாவுப்பால் எல்லாம் போய் ரப்பர் மாதிரி ஓர் உருண்டை மிஞ்சும். அதை முறுக்கி முடிச்சுப் போட்டு, மசாலாத் தண்ணீரில் வேகவைத்து, பிய்த்துப் போட்டு மல்லாட்டை எண்ணெயில் சுருள வதக்கினேன். சோம்பு, பட்டை, கல்பாசி, தேங்காய்ப் பத்தை எல்லாம் அம்மா போட்ட கணக்குத்தான்.

அப்பா மென்றார். வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தார்.

"எலும்பே காணோம்?"

"தனிக்கறிப்பா. உன்னால கடிக்க முடியாதுன்னு பாத்து வாங்கியாந்தேன்."

"இதாம்மா" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஜெயித்துவிட்ட பெருமைதான் வந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அதற்குள் நோய் அவர் நாக்கைத் தின்றுவிட்டிருந்தது. நான் அதை என் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் அதையே ஆக்கிக் கொடுத்தேன். மூன்றாவது ஞாயிறு அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். முந்தானை மூக்கில் இருந்தது.

"என்னம்மா இது, கீழ பூஜ ரூம் வரைக்கும் கவுச்சி நாத்தம்?"

"கறி இல்லீங்க ஆன்ட்டி. மைதா. மாவக் கழுவிப் பண்ணது." சட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மாவுல இந்த நாத்தம் வருமா? யார்கிட்ட கத உடுற?"

"சத்தியமாங்க. மூணு வாரமா இதான் பண்ணிக்கினு இருக்கேன். நாங்க அதெல்லாம் கையாலகூடத் தொடமாட்டோம். வேணும்னா எங்கப்பாவக் கேளுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அப்பாவின் கட்டில் நான்கடி தூரத்தில் இருப்பது உறைத்தது. அவர் மெல்வதை நிறுத்தியிருந்தார். என்னைப் பார்த்தார். வாயில் இருந்ததைச் சிரமப்பட்டு விழுங்கினார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நாங்க துன்றதில்லீங்கம்மா."

அந்த அம்மா நம்பவில்லை. மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்பா என்னைத் திட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வாய் கஞ்சிதான், அதுவும் நான் கெஞ்சினால்.

விழுப்புரம் பக்கம் கோலியனூரில், எங்கள் ஆட்கள் இருக்கிற தெருவில் வீடு கிடைத்தது. சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே போய் அரைக் கிலோ மாட்டுக்கறி வாங்கி வந்தேன், எலும்போடு. ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்துக்கொண்டு ஆக்கினேன். தெரு முழுக்க மணக்கட்டும் என்று வீம்பு. எலும்பை அவர் கண்ணில் படும்படி சோற்றின் மேலே வைத்து எடுத்துப்போனேன்.

அப்பா எலும்பைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இது என்னா மாவும்மா?" என்று கேட்டார்.