டொக்டர் சொன்ன ‘ஓடேஷஸ்’

மாரி வெள்ளத்தில் வாவி பெருகி, பழுகாமத்துக்கு வருகிற ரோட்டை மூடிவிட்டது. அந்தப் பகுதிக்கு நான்தான் மிட்வைஃப். காலையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு நோவு கண்டுவிட்டது. குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. அம்புலன்ஸ் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றது. வாகனம் இறங்கக் கூடாதென்று ரோட்டில் கயிறு கட்டியிருந்தார்கள்.

அவளை ஒரு ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, நான் கயிற்றை அவிழ்த்தேன்.

"மிஸ்ஸி, தண்ணி இழுக்குது," என்றார் ட்ரக்டர்காரர்.

"ரெண்டு பேர் கம்பை ஊண்டி முன்னால நடக்கட்டும். நீங்க பின்னால மெதுவா வாங்க."

பெட்டிக்குள் அவளைப் பிடித்தபடி இருந்தேன். நடுவில் ஒரு சில்லு பள்ளத்தில் சரிந்தபோது, அவளை இறுக்கி அணைத்துக்கொண்டேன். எப்படியோ கரையேறினோம். ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். ரெண்டு பேரும் சுகம்.

மிட்வைஃப்மாரின் அடுத்த கூட்டத்தில் எங்கள் பெரிய டொக்டர், சிங்களவர், எல்லார் முன்னாலும் என்னைக் காட்டி இங்கிலிஷில் ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது ‘ஓடேஷஸ்’ என்ற சொல் மட்டும்தான். கயிற்றை அவிழ்த்ததற்கு ஏசுகிறார் என்றே நினைத்தேன். வேலை போய்விடுமோ என்று பயந்தேன்.

வெளியே வந்து, வந்தாறுமூலை கம்பஸில் இங்கிலிஷ் படிக்கிற மகளுக்குக் கோல் எடுத்தேன்.

"துணியிறது எண்டு அர்த்தம் வாற லத்தீன் சொல்லில இருந்து வந்தது, அம்மா. மற்றவங்க பயப்படுறதைச் செய்தாலும் ஓடேஷஸ். மட்டுமரியாதை இல்லாம நடந்தாலும் ஓடேஷஸ்."

"இதென்ன சொல்லடி?"

"ஏன், ‘துணிஞ்சவள்’ எண்டு நாங்களும் ரெண்டு மாதிரியும் சொல்றதானே. பேப்பரில ‘துணிகரக் கொள்ளை’ எண்டும் போடுறாங்க. சொல்லக்குள்ள அவர்ர முகம் எப்பிடி இருந்தது?"

"நான் நிலத்தைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான்."

"அப்ப அவரிட்டயே கேளுங்க."

உள்ளே திரும்பிப் போய்க் கேட்டேன். டொக்டர் தெரிந்த தமிழைத் தேடித் தேடிச் சேர்த்தார்.

"மிஸ்ஸி, கயிறு அவிழ்த்தது பிழை. முதல்ல எனக்குச் சொல்லணும். ஆனா நான் அங்க இருந்தா, நானும் அவிழ்ப்பேன். நான் சொன்னது நல்ல ஓடேஷஸ்."

எனக்கு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பஸ் ஹோல்ட்டுக்குப் பக்கத்துக் கடையில் றொட்டியும் பிளேன்டீயும் வாங்கி ஆறுதலாக இருந்து சாப்பிட்டேன். பிறகு மகளுக்கு மறுபடி கோல் எடுத்தேன்.

"நல்ல பக்கந்தானாம்," என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.