இடக்கைப் போர்த்துனா

வெண்கலக் காசுக்குச் சாமி உருவம் வெட்டுவதில் ரோமாபுரியில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பான் திராசோ. வாய் மட்டுமல்ல, கையும் அப்படித்தான். அச்சில் இடம் என்றால் காசில் வலம். மற்றவர்கள் மெழுகில் வரைந்து பார்த்துச் செய்வதை, இவன் மனத்திலேயே புரட்டிப் போட்டு உளி பிடிப்பான். ஆனால் ஆள் பேரரசரின் அடிமை. பொழுது சாய்ந்தால் பட்டறைக்குள்தான் படுக்கை. மனைவி நைவியா முன்பே விடுதலை பெற்றவள். நண்பகலில் அவரைக்கஞ்சி கொண்டுவந்து ஊற்றிவிட்டு, ஏழு வருடமாகத் தனியாக வீடு திரும்புகிறாள்.

புதுக் காசுக்கு அதிர்ஷ்ட தேவி போர்த்துனா. வலக்கையில் கப்பல் சுக்கான், இடக்கையில் பழம் நிறைந்த கொம்பு. “இந்த அச்சு தேறட்டும், விடுதலைத் தொப்பி உன் தலையில,” என்றார் மேலாளர் கார்கிலியஸ்.

முதல் காசு அடித்ததும் அவர் முகம் சிவந்தது. “என்னடா இது? சுக்கான் இடக்கையில இருக்கு! தொப்பிய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

பட்டறையே கொல்லென்று சிரித்தது. திராசோ காசை உற்றுப் பார்த்தான். தோள் சாய்வு, முழங்கை மடிப்பு, எல்லாம் நைவியா. அவள் இடக்கைக்காரி. கரண்டி பிடித்து நிற்கும் அவளை மனத்தில் வைத்தே தேவியை வெட்டித் தொலைத்திருக்கிறான்.

“அடுத்த வருஷமெல்லாம் வேணாம் ஐயா. மூணே நாள் குடுங்க. மறுபடி தப்பாச்சுன்னா சுரங்கத்துக்கு அனுப்பிடுங்க.”

மறுநாள் நைவியாவைக் கரண்டியை வலக்கையில் பிடிக்கச் சொன்னான். கஞ்சி அவன் மடியிலேயே கொட்டியது.

“நீ செஞ்ச தப்புக்கு என் கைய ஏன்யா மாத்துற?”

“அசையாம நில்லுடி. இன்னிக்கு நீ பொண்டாட்டி இல்ல, தேவி.”

“அப்போ கும்பிட்டுட்டு வெட்டு.”

மூன்றாம் நாள் அடித்த காசைக் கார்கிலியஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. “திமிரு பிடிச்ச பய,” என்று முணுமுணுத்தபடி தொப்பியை எடுத்துவரச் சொன்னார்.

“ஐயா, உருக்கப்போற அந்த மொதக் காசு, அந்த இடக்கைக்காரிய எனக்கே குடுத்துடுங்க.”

“எடுத்துட்டுப் போ, போ!”

அன்று பொழுது சாயப் பட்டறைக் கதவைப் பூட்டியபோது திராசோ வெளியே நின்றான். எதிரே நைவியா. காசை அவள் இடக்கையில் வைத்தான்.

“வலக்கைக்காரி ஊருக்கு. இவ நமக்கு.”

அவள் கண் நிறைந்துவிட்டது. அதே கையால் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“கஞ்சி இன்னிக்குக் கொண்டாரல. வீட்ல இருக்கு, வா.”