மீனில்லாத் தொட்டிக்குத் தீனி

மீன்தொட்டி வைத்திருக்கும் அன்பர்கள் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு: முதல் ஒன்றரை மாதம் நாம் வளர்ப்பது தண்ணீரைத்தான், அதை அக்கம்பக்கத்தாருக்கு விளக்குவதே நம் முழுநேரப் பணி.

நான் இப்பணியில் சேர்ந்தது ஜூன் மாதம் இரண்டாம் நாள், திங்கட்கிழமை. கத்திரி கழிந்தும் வெயில் தணியவில்லை. காலையில் சிறிது மேகம் திரண்டு, பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறிக்குப் பட்டுப்பாவு நீட்டியிருந்தவர்களை அவசரமாகச் சுருட்ட வைத்துவிட்டு, ஒரு துளியும் பெய்யாமல் கலைந்தது. பள்ளிகள் திறந்த நாளும் அதுவே. பணி ஓய்வு பெற்றுவிட்டதால், எனக்கு வகுப்பு இல்லாத முதல் ஜூன் அது. பள்ளி மணியோசை காற்றில் வந்து என் காதில் விழுந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் கண்ணாடித் தொட்டி வாங்கப் புறப்பட்டுவிட்டேன்.

மீன் வேண்டாத வாடிக்கையாளர்

பேருந்து நிலையத்துக்கு அருகில் வண்ணமீன் கடை வைத்திருப்பவர் டேவிட். தொட்டி, மணல், வடிகட்டி ஆகியவற்றை எடுத்து வைத்த கையோடு, வலையை ஒரு கையிலும் நெகிழிப் பையை மறு கையிலும் ஏந்தி, எந்த மீன் வேண்டும் என்று கேட்டார். மீன் இப்போது வேண்டாம், செடிகள்தாம் வேண்டும், அதுவும் தொட்டியின் முக்கால் பங்கு நிறைகிற அளவுக்கு வேண்டும் என்றேன். வேலம்பாசியும் வேறு சில கொடிகளும் இரண்டு பை நிறைய வந்தன. பிறகு மீன் தீனி ஒரு டப்பா கேட்டேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டார். 

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகினால் தண்ணீரில் அமோனியா உண்டாகும். அது மீனைக் கொல்லும். அதை உண்டு செரிக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகிய பின்னரே மீனை விடவேண்டும். மீன் இல்லாதபோது அந்த நுண்ணுயிர்களுக்கு யார் சோறு போடுவது? ஆகவே வெறும் தண்ணீரில் நாள்தோறும் சிறிது தீனி தூவி அழுகவிட வேண்டும். இவை அனைத்தையும் நான் டேவிட்டுக்கு விளக்கினேன். அவருக்கு இது முன்பே தெரியும் என்பதும், ஆனால் இதைக் கடைப்பிடிக்கிற ஒரு மனிதரை அவர் இதுவரை பார்த்ததில்லை என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தன. பொருள்களைக் கட்டிக் கொடுத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"வீடு இருக்குது, தோட்டம் இருக்குது, சாப்பாடு இருக்குது, குடியிருக்கறவன் மட்டும் வேணாம்ன்றீங்களே சார்."

காலைத் தீனி

தொட்டியை முன்னறைச் சன்னலை ஒட்டி வைத்தேன். செடிகளுக்கு வெளிச்சம் வேண்டும் என்று எண்ணினேனே தவிர, அச்சன்னல் வழியாகத் தெரு முழுவதும் உள்ளே பார்க்கும் என்பதை எண்ணவில்லை. காலைக் காப்பி முடிந்ததும் தொட்டியின் முன் நின்று ஒரு சிட்டிகை தீனி தூவுவேன். அது மெல்ல மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எதிர்வீட்டு லோகநாதன் பட்டு நெய்பவர். அவருடைய மனைவி தேவகி சில நாள்கள் இதைக் கவனித்துவிட்டு, கறிவேப்பிலை கேட்கிற பாவனையில் வந்தார். தொட்டியை முன்னும் பின்னும் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார். உண்பவை கண்ணுக்குத் தெரியாதவை, ஆயினும் அவற்றுக்குப் பசி உண்டு என்று நான் எடுத்துரைத்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த என் மனைவியின் படத்தைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்; கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

என் மகள் மலர்விழி சென்னையில் பதினோராம் மாடியில் குடியிருக்கிறாள். அவள் அம்மா மறைந்ததிலிருந்து என்னையும் அங்கே அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவள் எண்ணம். இந்த ஊரில் எனக்கு நூலகம் உண்டு, மாலை நடை உண்டு, திருத்துவதற்கு ஏராளமான பெயர்ப்பலகைகள் உண்டு. ஆகையால் எங்களுக்குள் ஓர் உடன்பாடு: என் காலும் அறிவும் நிதானமாக இருக்கும்வரை நான் தனியாக இருக்கலாம், இரண்டில் ஒன்று தடுமாறினாலும், மறுபேச்சின்றிப் புறப்பட வேண்டும். கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தேவகி வந்துபோன அன்று மாலை மகள் தொலைபேசியில் அழைத்து, தூக்கம் வருகிறதா என்று கேட்டாள். சாப்பிட்டது என்ன என்று கேட்டாள். இன்று என்ன கிழமை என்றும் கேட்டாள். கிழமையோடு திதியையும் சேர்த்துச் சொன்னேன். அது எனக்கு எவ்வகையிலும் உதவவில்லை.

"தேவகி அக்கா எல்லாத்தையும் சொன்னாங்கப்பா. அடுத்த மாசம் முதல் ஞாயிறு வரேன், பெரிய பெட்டி ஒண்ணு எடுத்துட்டு வரேன்."

சாயப் பஞ்சாயத்து

நாலு மீனை வாங்கி விட்டுவிட்டால் வழக்கு முடிந்துவிடுமே என்று நீங்கள் நினைக்கலாம். டேவிட்டும் அதையே சொன்னார். இவ்வளவு செடி இருந்தால் அமோனியாவைச் செடியே தின்றுவிடும், நாலு சின்ன மீனுக்கு ஒன்றும் ஆகாது என்றார். என் இடர்ப்பாடும் அதுவே. சோதனைக்குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துத் துளிகளை விட்டுக் குலுக்கினால், அமோனியா இல்லையேல் மஞ்சள் நிறம் வரும், இருந்தால் பச்சை. எனக்கு நாள்தோறும் மஞ்சளே வந்தது. தொட்டி கற்றுத் தேர்ந்துவிட்டதா, அன்றி வினாவே அதன் கைக்குப் போகவில்லையா? பச்சை வந்து, பிறகு மஞ்சளாக மாறினால்தானே தேர்ச்சி? தேர்வு எழுதாத மாணவனை மேல்வகுப்புக்கு அனுப்பும் வழக்கம் என் பணிக்காலத்தில் இருந்ததில்லை.

இந்நிலையில் ஒருநாள் லோகநாதன் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டார். இந்த ஊரில் ஒரு நிறத்தைத் தனிமனிதர் தம் விருப்பப்படி முடிவு செய்துவிட முடியாது. அவர் எலுமிச்சை மஞ்சள் என்றார். பின்தெருவில் பட்டுக்குச் சாயம் போடும் கன்னியப்பன் அழைக்கப்பட்டார்; அவர் தாழம்பூ மஞ்சள் என்றார். விளக்கு வெளிச்சம் ஏமாற்றும் என்று குழாயைத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். மஞ்சள் பட்டு நூல்கள் கழிகழியாக வந்து அதன் அருகே பிடிக்கப்பட்டன. ஒப்பிடுவதற்காக மருந்தோடு கொடுக்கப்பட்ட வண்ண அட்டையைக் கன்னியப்பன் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். அச்சடித்தவனுக்குச் சாயம் பிடிக்கத் தெரியவில்லையாம். மஞ்சள் என்றால் அமோனியா பூஜ்ஜியம், அவ்வளவே செய்தி என்று நான் கூறியதை எவரும் காதில் வாங்கவில்லை. லோகநாதன் மட்டும் குழாயை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்தப் பூஜ்ஜியத்துல ஒடம்பு, பச்சையில பார்டர் வெச்சி ஒரு முகூர்த்தப் புடவ போட்டா, தூக்கிக்கினு போய்டுவாங்க சார்."

ஜரிகை மீன்

தம் மனைவியால் எனக்கு நேர்ந்த இடரைத் தாமே தீர்க்க வேண்டும் என்று லோகநாதனுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு மாலையில் காகிதப் பொட்டலம் ஒன்றோடு வந்தார். பிரித்தால், இரண்டு மீன்கள். தறியில் மிஞ்சிய ஜரிகையைத் தக்கையின்மேல் நெருக்கமாகச் சுற்றி, வாலுக்குப் பட்டுக் கத்தரிப்புகளை ஒட்டி, கண்ணுக்குக் கருமணி வைத்திருந்தார். தொட்டியின் மூடியிலிருந்து மெல்லிய பட்டிழையில் தொங்கவிட்டால், வடிகட்டியின் நீரோட்டத்தில் அவை தாமாகவே அசையும் என்பது ஏற்பாடு.

ஜரிகையில் செம்பு உண்டு, அது தண்ணீருக்கு ஆகாது என்று கூறினேன். அதைப் பொறுத்துக்கொண்டார். வாலின் சிவப்புச் சாயம் கரையும் என்று கூறியபோதுதான் அவர் முகம் மாறிவிட்டது. என் சமையலறைக்குள் சென்று, ஒரு குவளை நீரில் வாலை முக்கிப் பிழிந்து, தெளிவாகவே இருந்த அந்த நீரை என் கண்முன் நீட்டினார். சாயத்தின் பொருட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மீன்களை ஏற்க மறுத்துவிட்டேன். அவர் அவற்றை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"தூரத்துல நின்னு பாத்தா மீனுதான் சார். ஒங்க பாப்பாவ மட்டும் கிட்ட வராம நீங்க பாத்துக்குங்க."

பொரிகடலை

மகள் வருவதற்கு முந்திய ஞாயிறன்று, உடன் பணியாற்றிய நண்பரின் வீட்டு விழாவுக்காக ஓரிக்கைக்குச் சென்றேன். மழை பிடித்துக்கொண்டதால் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. வீட்டுச் சாவி தேவகியிடம் இருந்தது. தொலைபேசியில் அழைத்து, காலையில் ஒரே ஒரு சிட்டிகை தீனி தூவும்படி கேட்டுக்கொண்டேன். என்மீது இரக்கம் கொண்டிருந்த அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

திரும்பி வந்து பார்த்தால், தொட்டி கஞ்சித் தொட்டியாக இருந்தது. செடிகளின்மேல் பொரி மிதந்தது. மணலின்மேல் பொட்டுக்கடலை ஊறிப் பருத்துக் கிடந்தது. இவ்வூரில் மீனுக்கு உணவிடுவது என்றால் கோயில் குளத்துப் படியில் நின்று பொட்டலத்தைக் கவிழ்ப்பது என்று பொருள். சிட்டிகைக் கணக்கு எவருக்கும் தெரியாது. குழாயை எடுத்துச் சோதித்தேன். பச்சை. ஐயத்துக்கு இடமில்லாத பச்சை. கன்னியப்பன் வந்து பார்த்து, கிளிப்பச்சையைத் தாண்டிவிட்டது என்று சான்றளித்தார். ஊறியவற்றை வலையால் அள்ளினேனே தவிர, தண்ணீரை மாற்றவில்லை. வினாத்தாள் வந்துவிட்டது, இனி தொட்டி விடை எழுதட்டும். நான் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்ட தேவகி சற்றுப் பின்வாங்கினார். ஆயினும் தம் நியாயத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

"கண்ணுக்குத் தெரியற மீனுக்கே ஒரு பொட்லம் போடறோம். கண்ணுக்கே தெரியாத அத்தினி உசுருக்கு ஒரு சிட்டிக போட்டா எப்டி சார் பத்தும்?"

முடிவு வெளியான நாள்

அந்த வாரம் முழுவதும் மாலையில் என் முன்னறையில் கூட்டம். பச்சை இறங்கிக்கொண்டே வந்தது. செவ்வாயன்று கிளிப்பச்சை, வியாழனன்று இளந்தளிர், சனியன்று மஞ்சளா பச்சையா என்று இரு கட்சிகள் தோன்றிவிட்டன. ஞாயிறு காலையில் தீர்ப்பு சொல்லியே ஆக வேண்டும் என்று தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். மருந்துத் துளிகளை விட்டுக் குலுக்கிய பின் நிறம் தெளிய ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். குழாயை நான் சன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தேன். லோகநாதன் மஞ்சள் நூற்கழியோடும், கன்னியப்பன் கண்ணை இடுக்கிக்கொண்டும் நின்றார்கள்.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் மலர்விழி பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவளை வரவேற்க எவரும் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடாமல் வரும்படி தேவகிதான் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார். மகள் பெட்டியின்மேல் அமர்ந்துகொண்டாள். மஞ்சள் வந்தது. அடுத்த குழாயில், அமோனியாவிலிருந்து பிறக்கும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்தது. கன்னியப்பன் நூலையும் குழாயையும் ஒப்பிட்டுத் தலையசைத்ததும், அறையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். பிறகு தேவகி மலர்விழியின் அருகில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் பசியைப் பற்றியும், தாம் இட்ட பொரிகடலையால்தான் அவை வளர்ந்தன என்பது பற்றியும், என்னைக் காட்டிலும் தெளிவாக விளக்கினார். மேசைமேல் கிடந்த ஜரிகை மீன்களையும் எடுத்துக் காட்டினார். மலர்விழி அங்கிருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஒருத்தருக்குன்னா கூட்டிட்டுப் போயிடலாம்பா. தெருவுக்கே இப்படின்னா, நான் எத்தனை பெட்டி கொண்டு வர்றது?"

அன்று மாலை அவள் வெறும் பெட்டியோடு சென்னைக்குத் திரும்பினாள். மறுநாள் டேவிட்டின் கடையில் சிறிய மீன்கள் ஐந்து வாங்கித் தொட்டியில் விட்டேன். அவர் வலையை எடுப்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். ஐந்தும் நலமாக இருக்கின்றன. லோகநாதன் பூஜ்ஜிய மஞ்சளில் உடலும் பொரிகடலைப் பச்சையில் கரையுமாக ஒரு புடவை நெய்தார். அது இப்போது என் மகளிடம் இருக்கிறது. தேவகி காலைதோறும் வந்து தொட்டியைப் பார்க்கிறார்.

மீனே இல்லாத நாள்களில் அதைத் தெருவே வந்து பார்த்தது. மீன்களை விட்ட பிறகோ அவை செடிகளுக்குள் புகுந்துகொண்டு வெளியே வருவதே இல்லை என்பதால், தொட்டிக்குள் மீன் இருக்கிறது என்பதை நான் இன்றளவும் வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.