அத்தாப்பு சரியில்லை

காளியம்மாவைப் பற்றி யாராவது “பாவம், ஏமாந்துவிட்டாள்” என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளை யாரும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தாலாவது ஒருவனைப் பிடித்து நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம்.

மலாயாவில், குளுவாங் ஸ்டேஷனுக்குப் பின்னால் என் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. புருஷன் வீரமுத்து ரயில் பாதையில் கட்டை மாற்றுகிற கூலி. இவள் ஒரு மாட்டை வைத்துக்கொண்டு கடைத்தெருவில் பால் ஊற்றுவாள். பிள்ளை குட்டி கிடையாது. வாய் பொல்லாத வாய். பாலில் தண்ணீர் என்று ஒரு தடவை வாயைவிட்ட காப்பிக்கடைக்காரர், அப்புறம் அவள் தலை தெரிந்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார். அப்படிப்பட்டவள் வீரமுத்து இருமினால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்ப்பாள்.

முப்பத்தைந்தாம் வருஷம் அந்த இருமல் சயரோகம் என்று தெரிந்து, அவனை ஜோகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தேறுவது கஷ்டம் என்று டிரஸ்ஸர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். காளியம்மா அழவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“வீட்ட வித்துட்டு அங்கயே ஒரு ரூம்பு பாத்துக்கிறேன்க்கா. அந்தாளு போறப்ப பக்கத்துல நான் இருக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்” என்றாள்.

வீடு விலைக்கு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தோம். எங்கள் தெருவில் ஐயாசாமி என்று ஒருவர், தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். மலாய் தண்ணீர் பட்ட பாடு என்று அவருக்கு நினைப்பு. எங்களுக்கும் அதே நினைப்புதான். மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்துக்குக் கோழி வாங்கப் போன இடத்தில் ஒரு ஹாஜியிடம் வீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பார்க்க வருவதாக ஹாஜி சொன்னாராம். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னாராம்: “அத்தாப் தாக் பாய்க், தாக் மாவு.”

ஐயாசாமி வந்து அதற்கு அர்த்தம் சொன்னார். அத்தாப்பு சரியில்லையாம், அத்தாப்பு வேண்டாமாம்.

எங்கள் பேச்சில் அத்தாப்பு என்றால் நீப்பா ஓலைக்கூரை. காளியம்மா வீட்டில் இருந்தது அதுதான். வீரமுத்து படுக்கையில் விழுவதற்குச் சில மாதம் முன்புதான் ஓலையை நெருக்கி நெருக்கிப் புதிதாக வேய்ந்திருந்தான். உச்சி வெயிலிலும் உள்ளே சில்லென்று இருக்கும். அதைப் போய்ச் சரியில்லை என்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது. காளியம்மாவுக்குக் கோபப்பட நேரமில்லை.

“தகரம் போட்டா வாங்கிக்குவாராண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

பின்னே என்ன, தகரம் என்றால் எவன் வேண்டாம் என்பான் என்றார் அவர்.

மறுநாள் தகரத்துக்காக மாடு விலைபோயிற்று. அது போகும்போது அவள் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டாள். மூடிப்போன தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைக்கூண்டின் பழைய தகரம் வண்டியில் வந்து இறங்கியது. என் வீட்டுக்காரரும் ஐயாசாமியும் ஏறி ஓலையைப் பிரித்துத் தள்ள, அவளே இழுத்துப்போட்டுக் கொளுத்தினாள். பழைய ஆணி ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்து, துருவைத் தேய்த்து, வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் கூரை தயார். கையெல்லாம் கீறல். அந்தக் கையோடு சாணி போட்டு வீடு மெழுகினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற சட்டியும் பாயும் கட்டி வைத்தாயிற்று.

ஹாஜி சொன்னபடி வந்தார். வயதானவர், மரியாதையான மனுஷன். படலைத் திறந்தவர் அப்படியே நின்று கூரையைப் பார்த்தார். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று பக்கத்து வீட்டையும் பார்த்தார். “அத்தாப் லாமா மானா?” என்று கேட்டார். பழைய கூரை எங்கே என்கிறார். ஐயாசாமி பெருமையாகச் சாம்பலைக் காட்டினார்.

ஹாஜி குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். வழியில் போகும்போதெல்லாம் அந்த ஓலைக்கூரையைப் பார்த்திருக்கிறாராம். அவர் மனைவிக்கு மூச்சுத்திணறல், தகரத்தின் சூடு ஆகாது. ஓலை மக்காமல் இருக்கிறதா என்று உள்ளேயிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தாராம். கூரை சரியில்லாவிட்டால் வேண்டாம் என்று சொன்னாராமே தவிர, ஓலை வேண்டாம் என்று சொல்லவில்லையாம். தகரத்தைக் காட்டி, “இனி ஜுகா அத்தாப்” என்றார். இதுவும் அத்தாப்தான்.

அவர்களுக்கு ஓலை, ஓடு, தகரம் எல்லாமே அத்தாப். எத்தனை வருஷமாக மலாய் பேசுகிறோம், சந்தையில் பேரம் பேசுகிறோம், சண்டை போடுகிறோம், இந்த ஒரு சொல் எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஐயாசாமியைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. அந்த அர்த்தத்தைக் கேட்டுத் தலையாட்டினவர்களில் நானும் ஒருத்திதானே.

காளியம்மா ஹாஜிக்குக் கொடுக்க வைத்திருந்த காப்பியைக் கொடுத்தாள். அவரும் குடித்துவிட்டு, வருத்தம் சொல்லிவிட்டுப் போனார்.

மாடும் இல்லை, வீடும் விலைபோகவில்லை. என்னிடமிருந்த கொஞ்சத்தை வைத்து அவளை ஒரே ஒரு தடவை ரயிலேற்றி, கூடவே நானும் போனேன். வீரமுத்து எலும்பாகக் கிடந்தான். அவள் அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். கிளம்பும் நேரம் வந்ததும் அவன் கேட்டான்:

“இன்னிக்கி ராத்திரி இருந்துட்டுப் போறியா?”

“இன்னும் கொஞ்ச நாளுதான். வீடு போனதும் வந்துர்றேன்” என்றாள். ரயிலில் வரும்போது அந்தப் பொல்லாத வாய் திறக்கவே இல்லை.

அடுத்த வாரம் தந்தி வந்தது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் புதைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் மாதம்கூட ஆகவில்லை, மரக்கடை முதலாளி, சீனத் தவுக்கே ஒருவன் வந்தான். பலகை அடுக்க அவனுக்கு இடம்தான் வேண்டும், வீட்டை இடித்துவிடுவானாம். கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனான்.

காளியம்மா பணத்தை மடியில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

“எங்கக்கா போறது இப்ப?” என்று கேட்டாள்.